நிறத்தை எழுதும்போது

காவல் நிலையத்திலிருந்து வரும் 'காணவில்லை' அறிவிப்பில் உயரம், நிறம், முகத்தில் உள்ள மச்சம், கடைசியாக உடுத்தியிருந்த உடை எல்லாம் இருக்கும். அங்கே 'நிறம்: கருப்பு' என்று போட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தேடுகிறவருக்கு அது பயன்படுகிறது. அதே பக்கத்தின் கீழ்க்கோடியில் இன்னொரு செய்தி: 'செல்போன் பறித்துவிட்டு ஓடிய கருப்பு நிற ஆசாமியைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்தனர்.' ஆள்தான் பிடிபட்டாயிற்றே, இனி அவர் நிறம் யாருக்கு, எதற்கு? பிடிபட்டவர் சிவப்பாக இருந்திருந்தால் நிருபர் 'சிவப்பு நிற ஆசாமி' என்று எழுதியிருப்பாரா?

செய்தி மேசையில் இருப்பவர், மொழிபெயர்ப்பவர், சப்டைட்டில் எழுதுபவர், கதை எழுதுபவர் எல்லாருக்கும் முதல் சோதனை இதுதான்: இந்த வாக்கியத்தில் நிறம் என்ன வேலை செய்கிறது? வேலை எதுவும் இல்லை என்றால் அடித்துவிடுங்கள். வேலை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். எந்தச் சொல் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

வேலை இருக்கும் இடங்கள் உண்டு. 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட செய்தியில் அவர் கருப்பினத்தவர் என்பதை விட்டுவிட்டால் செய்தியே இல்லை. ஆனால் அங்கும் பாதி எழுதி நிறுத்திவிடக் கூடாது. அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய போலீஸ்காரர் வெள்ளையர். ஒருவரின் இனத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் இனத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளையர் என்றால் வெறும் மனிதர், மற்றவர்களுக்கு மட்டும்தான் இனம் உண்டு என்பதுபோல எழுதும் பழக்கம் மொழிபெயர்ப்புச் செய்திகளின் வழியே நமக்குள் வந்துவிட்டது.

திருப்பூரில் பனியன் வாங்கி அனுப்பும் ஆப்பிரிக்க வியாபாரிகள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏதாவது வழக்கில் சிக்கினால் செய்தி 'நைஜீரிய ஆசாமி' என்றுதான் வரும். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினாரா என்று நிருபரிடம் கேளுங்கள். கானாவிலிருந்து வந்தவரும் உகாண்டாவிலிருந்து வந்தவரும் நம் பத்திரிகைகளில் நைஜீரியர் ஆகிவிடுகிறார்கள். நாடு தெரிந்தால் நாட்டை எழுதுங்கள். தெரியாவிட்டால் 'ஆப்பிரிக்க நாட்டைச் சேர்ந்தவர்' போதும். 'ஆசாமி' போலீஸ் குறிப்பேட்டுச் சொல். நம் வாக்கியத்துக்குள் அதற்கு இடம் வேண்டாம்.

'இருந்தாலும்' என்ற நஞ்சு

தமிழில் நிறத்தைப் பற்றிய சொற்களில் மிகவும் புண்படுத்துவது எது என்று என்னைக் கேட்டால் கருவாயன், அட்டக்கரி, அண்டங்காக்கா என்ற பட்டியலை நீட்ட மாட்டேன். அவை வசை என்று எல்லாருக்கும் தெரியும். எழுதுகிறவர் தெரிந்தேதான் எழுதுகிறார். தெரியாமல் எழுதப்படுவது 'இருந்தாலும்'. 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா.' 'கருப்பு என்றாலும் கண்ணுக்கு லட்சணம்.' சொல்பவர் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார். கேட்பவர் காதில் விழுவது அந்த 'ஆலும்' மட்டும். நேர்காணல், நடிகை பற்றிய குறிப்பு, சிறுகதை எதைத் திருத்தினாலும் இந்த 'ஆலும்' இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். 'கருப்பும் களையுமாக இருந்தாள்' என்று மாற்றினாலே வாக்கியம் நேராகிவிடும்.

இதன் நாகரிக வடிவம் 'டஸ்கி'. சினிமாப் பக்கங்களில் 'டஸ்கி பியூட்டி' என்று எழுதுகிறார்கள். கருப்பு என்று சொல்லக் கூச்சம்; ஆங்கிலத்தில் சொன்னால் கூச்சம் போய்விடுமாம். அந்த நடிகையின் நிறம் கட்டுரைக்குத் தேவையா என்று பாருங்கள். தேவையென்றால் கருப்பு என்றே எழுதுங்கள். 'நிறம் கம்மி', 'நிறம் கொஞ்சம் குறைவு' போன்றவை இன்னும் மோசம். அந்தப் பேச்சில் நிறம் என்பது ஏதோ சம்பளம்போலக் கூடும், குறையும். கருப்பு நல்ல சொல். 'உயரமான, கருப்பான மனிதர்' என்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

'கலர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். 'பொண்ணு நல்ல கலர்' என்றால் சிவப்பு என்று பொருள். இதைச் சொல்லும் வீட்டில் கருப்பாக இருப்பவருக்குக் கலரே கிடையாது. துணிக்கடையில் 'ஸ்கின் கலர் லெக்கிங்ஸ்' கேட்டால் வெளுத்த இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். கடைக்காரரின் தோலும் வாங்குகிறவரின் தோலும் அந்த நிறத்தில் இருப்பதில்லை. குழந்தைகள் கிரேயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' தேடுவதும் இதே கதை. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. சிறுவர் நூல் எழுதுகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: நிறத்தின் பெயரை எழுதுங்கள், 'தோல் நிறம்' என்று எழுதாதீர்கள்.

அடுத்து கல்யாண விளம்பரம். பக்கத்தில் இடம் வாங்குகிறவர் தன் காசு கொடுத்து எழுதுகிறார். மேசையில் இருப்பவர் எவ்வளவு மாற்ற முடியும் என்ற கேள்வி நியாயமானதே. என் யோசனை: தன் மகளை 'மாநிறம்' என்று ஒருவர் விவரித்தால் விட்டுவிடலாம். 'சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்ற நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லலாம். பெரும்பாலானோர் ஒரு வரி குறைகிறது, கட்டணமும் குறைகிறது என்றதும் ஒத்துக்கொள்கிறார்கள். 2020-ல் ஷாதி டாட் காம் தளம் தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அதே ஆண்டில்தான் 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. டியூபுக்குள் இருப்பதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினார்கள் என்று பலர் கேலி செய்தார்கள். கேலி சரிதான். ஆனாலும் 'வெளுப்பு' என்ற வாக்குறுதி அட்டையிலிருந்து இறங்கியதில் ஏதோ இருக்கிறது.

சினிமா இதில் நீண்ட நாள் கடன்காரர். 2007-ல் வந்த 'சிவாஜி'யில் பாரியின் மகள்களான அங்கவை, சங்கவை பெயர்களை இரண்டு பெண்களுக்கு வைத்து, முகத்தில் கருப்பு மை பூசி, அவர்களைப் பார்த்துக் கதாநாயகன் ஓடுவதைச் சிரிப்பாக்கினார்கள். விமர்சனம் எழுதும்போது 'கருப்பான பெண்கள்' என்று எழுதுவதா, 'கருப்பு மை பூசிய நடிகைகள்' என்று எழுதுவதா? இரண்டாவதுதான் சரி. நகைச்சுவை எப்படித் தயாரானது என்பதை அது சொல்லிவிடுகிறது.

இனி, 'அன்பாகத்தான் சொன்னேன்' என்ற வாதம். வீட்டில் அம்மா மகளைக் 'கருவாச்சி' என்று கொஞ்சுவார். அது அவர்கள் இருவருக்கும் இடையில். அதை வெளியிலிருந்து எடுத்து நீங்கள் அந்த மகளைப் பற்றிய கட்டுரையின் தலைப்பாக்க முடியாது. மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சாமி ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது சகவீரர்கள் 'காலு' என்று கூப்பிட்டார்கள். வலுவான குதிரை என்று பொருள் போலும் என்று அவர் நினைத்திருந்தார். 'கருப்பன்' என்று தெரிய வந்தது 2020-ல். பகிரங்கமாகக் கேட்டார், பிறகு அந்தச் சகவீரர்களில் ஒருவர் பேசி, அன்பில் சொன்னதுதான் என்று விளக்க, சாமி அதை ஏற்றுக்கொண்டார். ஏற்பது அவர் உரிமை. 'அன்பில் சொன்னோம்' என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது நம் உரிமை அல்ல. இங்கிலாந்துக் கால்பந்து நிர்வாகம் இன்னும் கறாராக இருந்தது. இங்கிலாந்தில் ஆடிவந்த உருகுவே வீரர் எடின்சன் கவானி 2020 நவம்பரில் இன்ஸ்டாகிராமில் நண்பருக்கு நன்றி சொல்லும்போது 'நெக்ரிட்டோ' என்று எழுதினார். அவருடைய ஊர் ஸ்பானிஷில் அது செல்லப்பேச்சு. மூன்று ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தார்கள். அது மிகை என்பது என் எண்ணம். ஆனால் உலகம் முழுவதும் படிக்கும் இடத்தில் எழுதினால் உள்ளூர்ப் பொருள் மட்டும் துணைக்கு வராது என்பதும் உண்மை.

நம் ஊர் அபினவ் முகுந்த் 2017 ஆகஸ்டில், இந்திய டெஸ்ட் அணியோடு இலங்கையில் இருந்தபோது, சின்ன வயதிலிருந்து தன் நிறத்தைப் பற்றிக் கேட்டுவந்த பேச்சுகள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். கிரிக்கெட் மைதானத்தில் வெயிலில் நின்று தொழில் செய்கிறவரிடம் ஏன் கருத்துவிட்டாய் என்று கேட்கும் ஊர் இது.

பெயர்கள் வேறு. கருப்பசாமி, கருப்பையா, கருப்பாயி, காளியம்மாள், வெள்ளைச்சாமி இவையெல்லாம் பெயர்கள். சிலேடை செய்ய வேண்டாம், அடைப்புக்குறிக்குள் விளக்கவும் வேண்டாம். கருப்புச் சட்டை, கருஞ்சட்டைத் தோழர்கள் என்பவை கொள்கையின் நிறம். 'கருப்புப் பணம்', 'கருப்புச் சந்தை' ஆகியவற்றை மாற்றச் சொல்லி வரும் கடிதங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சொற்களால் காயம்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. 'இருந்தாலும்' கேட்டுக் கூனிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருப்பா, கறுப்பா? இரண்டும் அச்சில் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருங்கள். இந்த நூல் 'கருப்பு'.

ன்-ஆ, ர்-ஆ

மொழிபெயர்ப்பு வழிகாட்டிகள் எதுவும் சொல்லாத ஒன்று தமிழில் இருக்கிறது. இங்கே பாதி அவமதிப்பு விகுதியில்தான். ஆப்பிரிக்கன், ஆப்பிரிக்கர், சீனன், சீனர், வடக்கன், வடமாநிலத்தவர். கைதான உள்ளூர்க்காரரை 'அவர்' என்றும் கைதான வெளிநாட்டவரை 'அவன்' என்றும் ஒரே பக்கத்தில் எழுதும் பத்திரிகைகள் இருக்கின்றன. பிரதியைத் திருத்தும்போது வினைமுற்றுகளை மட்டும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்: 'தப்பியோடினான்', 'தப்பியோடினார்'. இரண்டில் எதை வேண்டுமானாலும் கொள்கையாக வைத்துக்கொள்ளலாம். நிறம் பார்த்து மாற்றக் கூடாது. 'வெள்ளைக்காரன் கட்டிய பாலம்' என்பதில் மட்டும் ஒருமை மரியாதையாக ஒலிக்கிறது என்பது நம் ஊர் வேடிக்கை.

அமெரிக்கா: ஒரு சொல்லுக்கு ஒரு காலம்

நம்மில் பலருக்கு அமெரிக்கக் கருப்பினத்தவர் வாழ்க்கை அறிமுகமானது அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நாவல் 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் வந்தபோது. அந்தத் தலைமுறை வாசகர்களுக்கு 'நீக்ரோ' சாதாரணச் சொல். பள்ளிப் பாடத்திலும் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அது மரியாதைச் சொல்லாகவே இருந்தது. கருப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் போன்றவர்கள் அந்தச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லிப் போராடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930-ல் ஒத்துக்கொண்டது. மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் தன் மக்களை அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். மூன்றே ஆண்டில் நிலைமை மாறியது. 1966-ல் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'பிளாக் பவர்' என்று முழங்கிய பிறகு 'பிளாக்' தலைநிமிர்ந்த சொல்லானது. 'நீக்ரோ' அடிமை நாட்களின் வாசனை அடிக்கும் சொல்லாயிற்று. 1988-ல் ஜெஸ்ஸி ஜாக்சன் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்பதை முன்வைத்தார். 2016-ல் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம் 'நீக்ரோ', 'ஓரியண்டல்' இரண்டையும் கூட்டாட்சிச் சட்ட வாசகங்களிலிருந்து எடுத்தது.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டு. உங்கள் சொந்த வாக்கியத்தில் 'நீக்ரோ' வேண்டாம். 'கருப்பினத்தவர்' என்று எழுதுங்கள். கிங் உரையையோ 1950-களின் நாவலையோ மொழிபெயர்த்தால் மூலத்தில் உள்ளதை அப்படியே வையுங்கள். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் 219 இடங்களில் வரும் வசைச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டு 2011-ல் ஒரு பதிப்பு வந்தது. நாவலில் அந்தச் சொல்லைப் பேசும் ஊர் எவ்வளவு கொடியது என்பதுதான் ட்வைன் காட்டியது. சொல்லைக் கழுவினால் ஊரும் கழுவப்பட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் ஒரு பத்தி எழுதினால் போதும்.

'கருப்பினத்தவர்' அமெரிக்காவில் உள்ள கருப்பின மக்கள் எல்லாருக்கும் பொருந்தும். 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' அப்படியல்ல. லண்டனில் பிறந்த ஒரு கருப்பின நடிகரை 'ஆப்பிரிக்க அமெரிக்க நடிகர்' என்று நம் பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு அமெரிக்கா படப்பிடிப்பு ஊர் மட்டுமே. 2020 ஜூனில் ஏ.பி. செய்தி நிறுவனம் 'பிளாக்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்க முடிவெடுத்தது. தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் அந்தச் சண்டை நமக்கு மிச்சம்.

'கலர்ட்' என்ற சொல்லில் கவனம் அதிகம் வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது இன்று புண்படுத்தும் சொல். 2020 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க் நாடாளுமன்றக் குழு முன் கருப்பின வீரர்களை அப்படிச் சொல்லி அன்றே பதவி விலகினார். ஆனால் அமெரிக்கக் கருப்பினத்தவர் உரிமைக்காக 1909-ல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் பெயரில், 'சி' என்ற எழுத்தாக, அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. பெயரை யாரும் திருத்தவில்லை, நீங்களும் திருத்த வேண்டாம். தென்னாப்பிரிக்காவுக்குப் போனால் கதை வேறு. அங்கே 'கலர்ட்' ஒரு தனிச் சமூகத்தின் பெயர். நிறவெறி அரசின் 1950-ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம் திணித்த பிரிவு அது என்று அதை வெறுப்பவர்களும் உண்டு. கேப் டவுன் பக்கம் அதையே தங்கள் பெயராகச் சொல்கிறவர்களும் ஏராளம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அது இருக்கிறது. ஆகவே தென்னாப்பிரிக்கச் செய்தியில் 'கலர்ட் சமூகத்தினர்' என்று ஒலிபெயர்த்து, கலப்பு மரபினர் என்று ஒரு முறை விளக்குங்கள். 'கலப்பினம்' வேண்டாம், நமக்கு அது மாட்டுப் பண்ணைச் சொல்.

'பீப்பிள் ஆஃப் கலர்' என்பதை 'நிறமுள்ள மக்கள்' என்று எழுதினால் தமிழ் வாசகர் சிவப்பானவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மேலே சொன்ன 'நல்ல கலர்' அப்படிப் பழக்கியிருக்கிறது. 'வெள்ளையரல்லாதோர்' தெளிவானது. முடிந்தால் அதையும் விட்டு, யார் யார் என்று எழுதிவிடுங்கள். பிரிட்டன் அரசே கருப்பினத்தவர், ஆசியர், சிறுபான்மையினர் எல்லாரையும் ஒரு மூட்டையாகக் கட்டிய 'பேம்' என்ற சுருக்கத்தை 2022-ல் கைவிட்டது.

பிரிட்டனில் 'ஆசியர்' என்றால் பெரும்பாலும் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். அமெரிக்காவில் அதே சொல்லைக் கேட்டதும் சீனர், கொரியர் நினைவுக்கு வருகிறார்கள். செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்து மொழிபெயருங்கள். 'பாகி' என்பது பிரிட்டனில் பாகிஸ்தானியரின் செல்லச் சுருக்கம் அல்ல, கல்லெறிபோன்ற வசை. லண்டன் தெருவில் தமிழர்களும் அதை வாங்கியிருக்கிறார்கள்.

காப்பிரி

பழைய தமிழ் நூல்களில் ஆப்பிரிக்கர்களுக்கு 'காப்பிரி' என்ற பெயர் வரும். அரபு வணிகர் வழியாகப் போர்த்துக்கீசியருக்கும் அவர்கள் வழியாக நமக்கும் வந்த சொல். இலங்கையில் புத்தளம் அருகே சிறம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சிறு சமூகம் தன்னைக் காப்பிரிகள் என்றே சொல்லிக்கொள்கிறது. தங்கள் மஞ்ஞா பாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. அவர்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைத் தவிர்ப்பது அவர்களையே அழிப்பதுபோல.

அதே சொல் தென்னாப்பிரிக்காவில் வாயில் எடுக்கக் கூடாதது. அங்கே பத்திரிகைகள் அதன் முதலெழுத்தை மட்டும் போடுகின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் போலீஸாரைப் பார்த்து அதைத் திரும்பத் திரும்பக் கத்திய ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு 2018-ல் சிறைத்தண்டனை கிடைத்தது. தாய்லாந்துச் சமையலில் போடும் எலுமிச்சை இலையின் பெயரில்கூட அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் வெய்ட்ரோஸ் கடைகள் 2022-ல் அதை 'மக்ரூட்' என்று மாற்றின. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் 'மக்ரூட் எலுமிச்சை' என்று போடலாம். தமிழ் வாசகருக்கு இரண்டுமே புதிது, ஆகவே நல்லதைப் பழக்குவதில் நஷ்டம் இல்லை.

காந்தியின் தென்னாப்பிரிக்க எழுத்துகளில் இந்தச் சொல் வருகிறது. இந்தியரைக் கருப்பினத்தவரோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்ற தொனியிலும் வருகிறது. 2018 டிசம்பரில் கானா பல்கலைக்கழகத்திலிருந்து அவர் சிலை அகற்றப்பட்டதற்கு அதுதான் காரணம். மொழிபெயர்ப்பவர் அங்கே நைசாக 'ஆப்பிரிக்கர்' என்று போட்டுக் காந்தியைக் காப்பாற்றக் கூடாது. அவர் எழுதியதை எழுதி, எந்த ஆண்டு எழுதினார் என்று சேர்த்துவிடுங்கள்; பிற்காலத்து எழுத்தில் அவர் மாறியதையும் வாசகர் பார்ப்பார்.

ஊர் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதற்கு 'பறங்கி' இன்னொரு சிறிய உதாரணம். தமிழ்நாட்டில் அது ஐரோப்பியரை இளக்காரமாகச் சொல்வது. இலங்கையில் 'பறங்கியர்' ஒரு சமூகத்தின் முறையான தமிழ்ப் பெயர்.

வசனமும் சப்டைட்டிலும்

ஹாலிவுட் படத்தின் தமிழ் வசனத்தில், கருப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த 'என்' எழுத்துச் சொல் வந்தவுடன் 'கருப்பு நாயே' என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ளைப் போலீஸ்காரர் அதைச் சொல்லும் காட்சியில் இது பொருந்தும். அங்கே மென்மையாக்கினால் காட்சி செத்துவிடும். அடுத்த காட்சியில் இரண்டு கருப்பின நண்பர்கள் தெருமுனையில் நின்று ஒருவரை ஒருவர் அதே சொல்லால் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அங்கேயும் 'கருப்பு நாயே' போட்டால் தமிழ்ப் பார்வையாளர் சண்டை வரப்போகிறது என்று காத்திருப்பார். 'டேய் மச்சான்', 'பங்காளி', 'மாமே' என்று ஊருக்கு ஏற்றபடி எழுதுங்கள். அடிமைக்காலப் படத்தில் பண்ணையார் சாதாரணமாக, கோபமே இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்வார். அதுதான் மிகக் கடினம். அதற்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இல்லை. சில நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைத் தேடுவதை விட்டு, பண்ணையாரின் வினையை மாற்றுகிறார்கள்: 'அதைக் கூட்டிட்டு வா.' மனிதரை 'அது' ஆக்கியதும் பண்ணையார் யார் என்று தெரிந்துவிடுகிறது.

எதைச் செய்தாலும் சாதிப் பெயரைக் கொண்டு ஈடுகட்ட வேண்டாம். ஒரு சமூகத்தின் மீதான வசையைச் சொல்ல இன்னொரு சமூகத்தைப் பலி கொடுப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

நம் மீது எறியப்பட்டவை, நாம் எறிந்தவை

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பன் துறையில் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது முதல் 'கூலி' அங்கே இந்தியரின் பெயராயிற்று. காந்தியே 'கூலி பாரிஸ்டர்' தான். நமக்குக் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பணம், கூலித்தொழிலாளி என்றால் உழைப்பாளி. 2025-ல் ரஜினி படத்துக்கே அது பெயர். டர்பனிலும் கயானாவிலும் டிரினிடாடிலும் அது அவமானச் சொல். அங்குள்ள தமிழர் வம்சாவளியினரைப் பேட்டி கண்டு எழுதும்போது 'கூலிகளாகச் சென்றவர்கள்' என்று எழுதாதீர்கள். 'ஒப்பந்தத் தொழிலாளர்களாக' என்று எழுதுங்கள். மலேசியாவில் 'கெலிங்' அப்படி ஒரு சொல். மலாக்காவின் பழைய பள்ளிவாசல் பெயரில் அது இருக்கிறது. மனிதரைப் பார்த்துச் சொன்னால் சண்டைதான்.

2011-ல் மலேசியப் பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்ட 'இன்டர்லோக்' நாவலில் 'பரியா' என்ற சொல் இந்தியர்களைக் குறித்து வந்ததால் பெரிய எதிர்ப்பு எழுந்தது. நாவல் பாடத்திலிருந்து நீங்கியது. அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று நமக்குத் தெரியும். பறையர் என்ற சமூகப் பெயரை ஆங்கிலம் எடுத்து 'விலக்கப்பட்டவர்' என்ற பொதுச்சொல்லாக்கி, இன்று 'பரியா ஸ்டேட்' என்று நாடுகளைப் பற்றி எழுதுகிறது. அதைத் தமிழாக்கும் செய்தி மேசைகள் 'தீண்டத்தகாத நாடு' என்று போடுகின்றன. தயவுசெய்து வேண்டாம். 'உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு' என்று எழுதினால் பொருள் முழுதாக வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் மலையக மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்பார்கள், சொல்லுகிறவரும் தமிழர்தான். 'கள்ளத்தோணி'யும் அவர்கள் மேல் ஒட்டவைத்த முத்திரை. 'மலையகத் தமிழர்' என்பதே அவர்கள் கேட்கும் பெயர். இலங்கை அரசு ஆவணத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தால் மேற்கோளில் அப்படியே வைத்து, உங்கள் வாக்கியத்தில் மலையகத் தமிழர் என்று எழுதுங்கள்.

வடக்கும் வடகிழக்கும்

சென்னை உணவகத்தில் பரிமாறுகிறவர் மணிப்பூரோ மிசோரமோ. நாம் அவரை 'நேபாளி' என்கிறோம். காவலாளி வேலை பார்க்கிறவர் எல்லாம் 'கூர்க்கா'. 'சிங்கி', 'சப்பை மூக்கு' இரண்டும் அப்பட்டமான இன வசை. 2012-ல் மத்திய உள்துறை அமைச்சகம், 'சிங்கி' என்று அழைப்பதன் மீது பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. ஐந்து ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். அந்தச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்தான் பொருந்தும், வடகிழக்கிலிருந்து வரும் எல்லாரும் அந்தப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் அல்லர். வழக்குச் செய்தி எழுதும்போது இந்த வேறுபாட்டை நிருபர்கள் தவறவிடுகிறார்கள்.

'வடக்கன்' பற்றிச் சண்டை வரும். ஊர்த்திசையைத்தானே சொல்கிறோம் என்பார்கள். பான்பராக் வாய், ரயிலில் ரிசர்வ் பெட்டியில் ஏறுகிறவன் என்ற கேலிப் படங்களோடு சேர்ந்தே அந்தச் சொல் வளர்ந்தது. திசையாக இருந்த காலம் போய்விட்டது. பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு அந்தத் தலைப்பைத் தணிக்கைக் குழு மறுத்ததால் 2024-ல் அது 'ரயில்' என்ற பெயரில் வந்தது. வடமாநிலத் தொழிலாளியின் மீது பரிவு காட்டும் கதைக்கு வைத்த தலைப்பை மறுத்தது எனக்கு உடன்பாடில்லை. கதாசிரியர் ஒரு வசையை எடுத்துத் தலைப்பில் வைத்து விசாரிப்பதும், செய்தித் தலைப்பில் 'வடக்கன் கைது' என்று போடுவதும் ஒன்றல்ல. செய்திக்கு 'வெளிமாநிலத் தொழிலாளர்' போதும். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று மாநிலம் தெரிந்தால் அதைப் போடுங்கள். எல்லாரும் பீகாரிகள் அல்லர். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறிய நாட்களில் ஒரு தலைப்புக்கு எவ்வளவு வலு என்பதைத் திருப்பூரும் கோவையும் பார்த்தன.

மற்றவை

'செவ்விந்தியர்' நம் காமிக்ஸ்களில் ஊறிய சொல். இன்று எழுதும்போது 'அமெரிக்கப் பூர்வகுடிகள்'. நவஹோ, செரோக்கி என்று குலப்பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரை 2020-ல் விட்டது. கனடாவின் பனிப்பிரதேச மக்களுக்கு 'எஸ்கிமோ' வேண்டாம், 'இனுயிட்'. ஆனால் அலாஸ்காவின் யூபிக் மக்கள் இனுயிட் அல்லர், அவர்களை யூபிக் என்றே சொல்லுங்கள். ஐரோப்பாவின் 'ஜிப்சி'க்கு 'ரோமா'. 'மஞ்சள் இனம்' பழைய பூகோளப் புத்தகத்தோடு போகட்டும்.

வசையை அச்சிட வேண்டிவந்தால்

புகார் மனுவில் ஒரு வசை இருக்கிறது, அதை வெளியிடுவதா? சாதி வசை என்றால் 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதாக' என்று எழுதுவது தமிழ்ப் பத்திரிகை வழக்கம், நல்ல வழக்கம். நிற வசையில் சில நேரம் சொல்லையே தெரிவிக்காவிட்டால் வழக்கு புரியாது. அப்போது செய்தியின் உடலில் ஒரே ஒரு முறை, மேற்கோளுக்குள், யார் சொன்னது என்பதோடு. தலைப்பில் கூடாது, சுவரொட்டியில் கூடவே கூடாது. தமிழில் நடுவில் நட்சத்திரக் குறி போட்டு மறைப்பது விடுகதை ஆகிவிடுகிறது, வாசகர் எல்லாச் சொல்லையும் பொருத்திப் பார்ப்பார். பாதிக்கப்பட்டவரிடம் கேளுங்கள்: அந்தச் சொல் அச்சில் வர வேண்டும் என்று விரும்புகிறவர்களும் உண்டு, தன் பிள்ளைகள் படிப்பார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. அவர் சொன்னபடி செய்யுங்கள்.

வெளியான பிறகு ஆட்சேபம் வந்து இணையப் பதிப்பைத் திருத்தினால் தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். படத்தின் அடிக்குறிப்பு, தேடலுக்காகக் கொடுத்த குறிச்சொற்கள், பகிரும்போது தெரியும் சிறு வரி ஆகிய மூன்றிலும் பழைய சொல் கிடக்கும். கூகுளில் அந்த ஆளின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்தச் சிறு வரிதான்.